பிக்கப் ஊர்தியின் தொங்கலமைப்பை உயர்த்தல்

தொங்கலமைப்பை உயர்த்தல் என்பது, ஓர் ஊர்தியின் விற்கள், அதிர்வுறிஞ்சிகள், அவற்றைத் தாங்கும் உறுப்புகள் ஆகியவற்றை மாற்றியோ, அவற்றிற்கிடையே இடைத்துண்டுகளைச் செருகியோ, ஊர்தியின் சட்டகத்தைச் சக்கர அச்சுகளிலிருந்து மேலும் விலக்கி நிறுத்துவதாகும். பணிமனை வழக்கில் இது சஸ்பென்சன் லிஃப்ட் எனப்படுகிறது. கரடுமுரடான பாதைகளில் அடிப்பகுதி தட்டாமல் செல்லவும், சற்றுப் பெரிய டயர்களைப் பொருத்தவும், கூடுதலாக ஏற்றிய சுமையால் தாழ்ந்துபோன ஊர்தியை நிமிர்த்தவும் இது செய்யப்படுகிறது. தோற்றத்திற்காக மட்டும் செய்வோரும் பலர்.

பொதுவாக 1 முதல் 3 அங்குலம் வரையிலான (25–75 மி.மீ.) உயர்வு மிதமான உயர்த்தல் எனப்படும். இவ்வளவில் ஊர்தியின் மூல வடிவமைப்பின் பெரும்பகுதி மாறாமல் நிற்கும். அதற்கு மேற்பட்ட உயர்வுக்கு முன்புறக் குறுக்குச் சட்டம், சக்கரத் திருப்பு முளை முதலியவற்றையே மாற்ற வேண்டியிருப்பதால் அது வேறொரு வகைப் பணியாகிவிடுகிறது. இக்கட்டுரை மிதமான உயர்த்தலை, 2005 முதல் 2023 வரை வெளிவந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. வட அமெரிக்காவில் மிகுதியாக உயர்த்தப்படும் பிக்கப்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப்களில் முன்புறமும் பின்புறமும் விறைப்பான ஒற்றை அச்சும் பட்டைவில்லும் இருந்தன. அவற்றை உயர்த்துவது எளிது: வளைவு மிகுந்த வில்லைப் பொருத்தினால் போதும். அமெரிக்காவில் விற்கப்பட்ட டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் 1986 மாதிரி ஆண்டில் முன்புறத்திற்குத் தனித்தியங்கும் தொங்கலமைப்பு வந்தது. சாலையில் ஓட்டம் மென்மையானது; உயர்த்துவது கடினமானது. ஏனெனில் தனித்தியங்கும் அமைப்பில் ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் உள்ள இரு கைகளின் நுனியில் வட்ட வில்லாக நகர்கிறது. உயரத்தை மாற்றினால் அக்கைகளின் கோணம் மாறும். கோணம் மாறினால் சக்கரத்தின் சாய்வு, இயக்கத்தண்டின் மடிப்பு, மூட்டுகளின் எல்லை ஆகிய அனைத்தும் மாறும்.

1995-ல் அறிமுகமான டகோமாவிலும் முன்புறம் இரட்டைக் கை அமைப்பே உள்ளது. அதிர்வுறிஞ்சியைச் சுற்றியே சுருள்வில் அமைந்திருக்கும். மேற்குறித்த இரு தலைமுறைகளிலும் பின்புறம் விறைப்பான அச்சும் பட்டைவில்லும் உள்ளன. 2024 மாதிரியில் வந்த நான்காம் தலைமுறையின் பெரும்பாலான வகைகளில் பின்புறத்திற்கும் சுருள்வில் வந்துவிட்டதால் கீழே பின்புறம் பற்றிக் கூறப்படுபவை அவற்றிற்குப் பொருந்தா.

எது உயர்கிறது, எது உயர்வதில்லை

இது குறித்துப் பரவலான ஒரு தவறான புரிதல் உள்ளது. தொங்கலமைப்பை உயர்த்தினால் சட்டகமும் அதன்மேல் உள்ளவையுமே உயரும். பின் அச்சும் அதன் நடுவில் உருண்டு நிற்கும் டிஃபரன்சியல் பெட்டியும் உயர்வதில்லை. அவை சக்கரத்தோடு பிணைந்தவை. அவற்றை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 265/70ஆர்16 டயரின் விட்டம் 777 மி.மீ. அதற்குப் பதிலாக 265/75ஆர்16 இட்டால் விட்டம் 804 மி.மீ. ஆகும். அச்சு உயர்வது 13 மி.மீ. மட்டுமே. இதற்கு ஈடாக வேகமானி 3.4 விழுக்காடு குறைத்துக் காட்டும். அதாவது முள் 100 கி.மீ. காட்டுகையில் உண்மை வேகம் 103.4 கி.மீ. ஆக இருக்கும். பல்லிணை விகிதமும் அதே அளவுக்குத் தளர்ந்து, மேட்டில் இழுவை குறையும்.

சட்டகம் உயர்வதன் பயன் கோணங்களில் தெரியும். அவற்றுள் முதன்மையானது மேட்டு முகட்டைக் கடக்கும் கோணம். இரு அச்சுகளுக்கும் நடுவே அடிப்பகுதி தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டின் கூர்மையை அது குறிக்கிறது. நான்கு கதவும் குறுந்தட்டும் கொண்ட டகோமாவின் அச்சிடைத் தொலைவு 127.4 அங்குலம், அதாவது 3236 மி.மீ. நடுப்பகுதியின் இடைவெளி 240 மி.மீ. என்று கொண்டால் இக்கோணம் ஏறத்தாழ 17 பாகை. 50 மி.மீ. உயர்த்தினால் 20 பாகையைத் தாண்டும். காட்டுப்பாதையில் இந்த 3 பாகை பெரிய வேறுபாடு.

முன்புறம்

டகோமாவின் முன் அதிர்வுறிஞ்சித் தொகுதி கீழ்க்கையின் ஏறக்குறைய நடுப்பகுதியில் ஊன்றியுள்ளது. நெம்புகோல் விதிப்படி, தொகுதியின் நீளம் ஒரு பங்கு கூடினால் சக்கரம் ஏறத்தாழ இரு பங்கு கீழிறங்கும். ஆதலால் 2 அங்குல உயர்வுக்கு 1 அங்குலத் தடிப்புள்ள துண்டே போதும். 2 அங்குலத் துண்டை இட்டுவிட்டு ஊர்தி ஏன் இவ்வளவு நிமிர்ந்தது என்று வியப்போரும் உண்டு.

முன்புறத்தை உயர்த்த நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. தொகுதியின் தலைக்கும் சட்டகத்திற்கும் இடையில் வட்டத் துண்டு ஒன்றை வைப்பது மிக மலிவானது. வில்லைப் பிரிக்க வேண்டியதில்லை, அரைநாள் வேலை. ஆனால் சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் தொகுதி முன்னைவிடக் கீழே தள்ளுவதால் மேல் பந்து மூட்டும் இயக்கத்தண்டின் மூட்டும் தம் எல்லைக்கு அப்பால் இழுக்கப்படுகின்றன. மேற்கை சுருள்வில்லைத் தொடவும் கூடும். சக்கரம் முழுதும் மேலேறும் நிலையிலோ, சட்டகத்தின் முட்டு ரப்பர் தடுப்பதற்கு முன்பே அதிர்வுறிஞ்சியின் உள்ளுறுப்பு அடியில் மோதக்கூடும். நகரச் சாலையில் இக்குறைகள் வெளிப்படா. பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது வெளிப்படும்.

இரண்டாவது வழி, வில்லின் தாங்குதட்டை மேலே நகர்த்தி வில்லை முன்கூட்டியே கூடுதலாக அமுக்கி வைப்பது. பில்ஸ்டைன் 5100 போன்ற அதிர்வுறிஞ்சிகளின் உடலில் பல உயரங்களில் வெட்டப்பட்ட காடிகளும் அவற்றில் அமரும் வளையமும் இதற்காகவே உள்ளன. தொகுதியின் முழுநீளம் பெரிதும் மாறாததால் மூட்டுகள் எல்லை மீறுவதில்லை. ஆனால் ஊர்தி தன் எடையில் நிற்கும் இடம் மேலேறிவிடுவதால் சக்கரம் கீழ்நோக்கித் தொங்குவதற்கு எஞ்சியிருக்கும் பயணம் குறைகிறது. வேகத்தடையைக் கடந்து இறங்குகையில் டொக்கென்று ஓர் ஒலி கேட்கும். மிகைப்பட அமுக்கினால் இது ஓயாத தொல்லையாகும்.

மூன்றாவது, உயரத்திற்கும் எடைக்கும் ஏற்ப வடிவமைத்த புதிய வில்லும் அதற்கு இணையான அதிர்வுறிஞ்சியும் சேர்ந்த முழுத் தொகுதி. ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு இவ்வகையில் நெடுங்காலமாக அறியப்பட்ட பெயர். செலவு மிகுதி. ஊர்தி உண்மையிலேயே மண்பாதையில் ஓடுமாயின் இதுவே சரியான தேர்வு. தோற்றத்திற்கு மட்டும் ஓர் அங்குலம் வேண்டுவோருக்கு இது தேவையில்லை.

எவ்வழியாயினும் நான்கு சக்கர இயக்க ஊர்தியில் 3 அங்குலத்தை எல்லையாகக் கொள்வது வழக்கம். முன் டிஃபரன்சியல் சட்டகத்தோடு பிணைந்துள்ளது. சக்கரம் கீழே செல்கிறது. இடையிலுள்ள இயக்கத்தண்டு சாய்கிறது. தண்டின் நீளம் ஏறத்தாழ 400 மி.மீ. என்று கொண்டால் 50 மி.மீ. உயர்வு அதன் சாய்வை 7 பாகை கூட்டும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து, மசகு வெளியேறி, மணல் உட்புகுந்தால் மூட்டு விரைவில் தேயும். டிஃபரன்சியலைச் சிறிது கீழிறக்கும் துண்டுகளும் விற்கப்படுகின்றன. அவை உட்புற மூட்டின் கோணத்தை ஓரளவு தணிக்கும். கிடைத்த தரை இடைவெளியில் சிறிதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

பின்புறம்

பட்டைவில்லை உயர்த்த ஒரு பட்டையைச் சேர்க்கலாம், முழுக்கட்டையும் மாற்றலாம், அச்சுக்கும் வில்லுக்கும் இடையில் உலோகக் கட்டை வைக்கலாம், அல்லது வில்லின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீட்டலாம்.

கட்டை வைப்பது மலிவு. ஓட்டத்தின் மென்மையையும் கெடுப்பதில்லை. ஆனால் அச்சு வில்லிலிருந்து விலகி நிற்பதால், வேகமெடுக்கும்போது அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள நெம்புகோல் நீள்கிறது. 1 அல்லது 2 அங்குலக் கட்டையில் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஒரு கட்டையின்மேல் மற்றொன்றை அடுக்குவது ஒருபோதும் செய்யத்தகாதது. முன்புறமும் பட்டைவில் உள்ள பழைய ஊர்திகளில் முன் அச்சுக்குக் கட்டை வைப்பதும் அவ்வாறே: பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவினால் திசைமாற்றமே கைவிட்டுப் போகும்.

பட்டை சேர்ப்பது வில்லின் விறைப்பைக் கூட்டுகிறது. தட்டில் எப்போதும் கருவிப்பெட்டியோ கூடாரமோ இருக்குமாயின் அது நன்று. வெறுந்தட்டுடன் ஓடும் ஊர்தி குதிக்கும். பட்டை சேர்த்தாலும் முழுக்கட்டை மாற்றினாலும் ஊர்தியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடாது என்பதைக் குறிப்பிட வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டப்பட்டுள்ள எண், சட்டகம், அச்சு, பிரேக், டயர் ஆகிய அனைத்தையும் சேர்த்து வகுக்கப்பட்டது. வில் மட்டும் வலுத்தால் ஊர்தி தாழாமல் நிற்கும். சுமை மிகுந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவ்வகையில் அது முன்னைவிடத் தீங்கானது.

பின்புறம் உயரும்போது இயக்கத்தண்டின் கோணமும் மாறும். டகோமாவின் பல வகைகளில் இத்தண்டு இரு துண்டுகளாக நடுவில் ஒரு தாங்கியால் பிடிக்கப்பட்டுள்ளது. நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது ஏற்படும் அதிர்வு இக்கோணப் பிழையின் அறிகுறி. நடுத்தாங்கியைச் சில மில்லிமீட்டர் கீழிறக்கியோ, வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகட்டை இட்டோ இது சரிசெய்யப்படுகிறது. 1995–2004 முதல் தலைமுறையில் பின் அச்சோடு இணைந்த ஒரு தண்டு, சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் அடைப்பிதழை இயக்கியது. பின்புறத்தை உயர்த்தினால் தட்டில் சுமையே இல்லை என்று அது கருதிக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே அதன் தாங்கியையும் உயர்வுக்கேற்ப நகர்த்த வேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

தொழிற்சாலையிலிருந்து வரும் பிக்கப்பின் பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பது பிழையன்று. தட்டில் சுமை ஏறினால் சமமாக நிற்பதற்காக அவ்வாறு அமைக்கப்படுகிறது. முன்புறத்தை மட்டும் உயர்த்தி மட்டமாக்குவோர், சுமையேற்றிய நாளில் வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்த ஊர்தியை ஓட்ட நேரிடும். வீட்டுப் பொருட்களும் மரமும் ஏற்றுபவர் இருபுறமும் உயர்த்துவதோ எதையும் செய்யாதிருப்பதோ நன்று.

சுருள்வில்லின் விறைப்பை, ஊர்தியில் இன்று உள்ள எடையைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். என்றோ வாங்கப்போகும் இரும்புத் தடுப்புச் சட்டத்தையும் விஞ்சையும் மனத்திற்கொண்டு வலுத்த வில்லை வாங்குவது பலர் செய்யும் பிழை. அவ்வெடை வந்துசேரும் வரை ஊர்தி கல்லைப்போல் ஓடும். உயர்வும் திட்டமிட்டதைவிட மிகும். மறுபுறம், எடை முன்னரே ஏறியிருந்தால் மூல வில்லின் மேல் துண்டு வைப்பது தளர்ந்த வில்லுக்குக் காலணி அணிவிப்பது போன்றதே.

டகோமா இடப்புறம் சற்றுச் சாய்ந்து நிற்பது அதன் உரிமையாளர் பலரும் அறிந்தது. எரிபொருள் தொட்டியும் ஓட்டுநரும் அப்பக்கமே உள்ளனர். அதனால் இடப்புற வில்லில் மட்டும் மெல்லிய துண்டு ஒன்றைக் கூடுதலாக இடுவதுண்டு. இதனை முடிவு செய்ய, வேலை தொடங்குவதற்கு முன்பே நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் குழப்பும்.

பொருத்துதல்

சமதளமான கான்கிரீட் தரை தேவை. பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, சட்டகத்தின் கீழ் தாங்குகால்களை நிறுத்திய பின்னரே சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று.

முன்புறத்தில் சாய்வுத் தடுப்புத் தண்டின் இணைப்பும் மேல் பந்து மூட்டும் விடுவிக்கப்படுகின்றன. அப்போது திருப்பு முளை வெளிப்புறமாகச் சரியும். அதைக் கம்பியால் கட்டித் தாங்காவிட்டால் பிரேக் குழாயும் சக்கர வேக உணரியின் கம்பியும் அதன் எடையைச் சுமக்கும். இயக்கத்தண்டின் உள்மூட்டும் பிரிந்துவிடலாம். தொகுதியின் தலையில் சட்டகத்தோடு பிணைக்கும் மூன்று சிறிய மரைகளும் நடுவில் ஒரு பெரிய மரையும் இருக்கும். கழற்ற வேண்டியவை மூன்று சிறியவையே.

நடு மரை அமுக்கப்பட்ட வில் முழுவதையும் பிடித்துவைத்திருக்கிறது. விறைப்பு மி.மீ.க்கு 105 நியூட்டன் உள்ள ஒரு வில் 100 மி.மீ. அமுங்கியிருந்தால் அதன் விசை 10,500 நியூட்டன். தேங்கிய ஆற்றல் 525 சூல். இது 53 கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடு. வில் அமுக்கியில் முறையாகப் பிடிக்காமல் அந்த மரையைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்தானது. கையால் திருகும் மலிவான அமுக்கிகள் சமமின்றி இறுகினால் வில் வளைந்து தெறிக்கும். வீட்டிலேயே வேலை செய்பவர்களும் இந்த ஒரு கட்டத்தை மட்டும், நிலையான அமுக்கி உள்ள பணிமனையில் செய்வித்துக்கொள்வது அறிவுடைமை. பல நிறுவனங்கள் முன்னரே இணைத்த தொகுதிகளையும் விற்கின்றன.

மீண்டும் பொருத்துகையில் பெரும்பாலானோர் தவறும் இடம் ஒன்று உண்டு. கைகளின் திருகாணிகளில் உள்ள ரப்பர் புஷ்கள் சுழல்பவை அல்ல. உள்குழல் இறுக்கப்பட்டபின் ரப்பர் முறுகித்தான் கை அசைகிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே இவற்றை இறுக்கிவிட்டால், ஊர்தி தரையில் நிற்கும் நாளெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து சில மாதங்களில் கிழியும். எனவே இவற்றைக் கையளவில் மட்டும் முடுக்கிவைத்து, சக்கரங்களில் எடை அமர்ந்த பின்னரே, பணிக் கையேடு கூறும் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும்.

பின்புறத்தில் அச்சை ஒரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு அதிர்வுறிஞ்சியும் யூ போல்ட்டுகளும் கழற்றப்படுகின்றன. பட்டை சேர்ப்பதானால், கட்டைப் பிடிக்கவியில் பிடித்தபின் நடு போல்ட்டை நீக்கி, புதிய பட்டையை அதன் நீளத்திற்குரிய வரிசையில் செருகி, நீண்ட நடு போல்ட்டால் பிணைக்க வேண்டும். அப்போல்ட்டின் தலை அச்சிலுள்ள இருக்கைத் துளையில் சரியாக அமர்ந்ததா எனப் பார்ப்பது முக்கியம். அமராவிட்டால் அச்சு கோணலாகும். யூ போல்ட்டுகள் ஒருமுறை முழு விசையில் இறுகும்போதே நீட்சி அடைந்துவிடுவதால் பழையவற்றை மீண்டும் பயன்படுத்தலாகாது. புதியவற்றைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கி, சில நூறு கி.மீ. ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பின் பிரேக்கின் ரப்பர் குழாய், அச்சு முழுதும் தொங்கும் நிலையிலும் இழுபடாமல் தளர்வாக இருக்க வேண்டும்.

பொருத்தியபின்

சக்கர நேர்சீரமைப்புச் செய்யாமல் ஊர்தியை நெடுந்தொலைவு ஓட்டக்கூடாது. முன்புறம் உயரும்போது சக்கரத்தின் டோ உடனடியாக மாறி, டயரின் ஓரத்தைத் தின்றுவிடும். காஸ்டர் கோணமும் குறையும். திரும்பியபின் திசைமாற்றி தானே நேராவதும், நெடுஞ்சாலையில் ஊர்தி அலையாமல் செல்வதும் இக்கோணத்தால்தான். டகோமாவில் 2 அங்குலம் வரை கீழ்க்கையின் சரிசெய்திருகுகளைக் கொண்டே பெரும்பாலும் சமாளிக்கலாம். 2.5 அங்குலத்தைத் தாண்டினால் காஸ்டரை மீட்டெடுக்க வேறு வடிவமுள்ள மேற்கைகள் தேவைப்படும். முதலில் கணக்கிடாது விடப்படும் செலவு இதுவே.

முகப்பு விளக்குகளைத் தாழ்த்துவதும் கட்டாயம். முன்புறம் மட்டும் 50 மி.மீ. உயர்ந்தால் ஊர்தி 0.9 பாகை நிமிர்கிறது. அதனால் 50 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை ஏறத்தாழ 80 செ.மீ. மேலேறும், எதிரே வருபவரின் கண்ணில் அது நேராக விழும். ஒரு திருப்புளியும் ஒரு சுவரும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும் இவ்வேலையைச் செய்யாதோர் மிகப் பலர்.

அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டிலிருந்து இலகு ஊர்திகள் அனைத்திலும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாக உள்ளது. நேர்சீரமைப்பிற்குப் பின் திசைமாற்றிக் கோண உணரியின் சுழிநிலையை மீளக் குறிக்காவிட்டால், நேராகச் செல்லும் ஊர்தி திரும்புவதாக அவ்வமைப்பு எண்ணித் தேவையற்ற வேளையில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கக்கூடும்.

நிலைப்புத்தன்மையும் பிறர் பாதுகாப்பும்

உயர்வின் விலை கவிழும் வாய்ப்பு. சக்கரங்களின் இடைத்தடத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண் நிலைநிலைப்புக் காரணி எனப்படும். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாதிரி ஆண்டிலிருந்து இதனைக் கொண்டு கவிழ்வுத் தரமதிப்பீடு வழங்கத் தொடங்கியது. தடம் 1.60 மீட்டரும் ஈர்ப்பு மைய உயரம் 0.70 மீட்டரும் உள்ள ஊர்தியின் காரணி 1.14. சட்டகம் 50 மி.மீ.யும் டயரால் 13 மி.மீ.யும் உயர்ந்தால், அச்சும் சக்கரமும் தொங்கலமைப்போடு உயராததைக் கழித்து, ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 55 மி.மீ. மேலேறும். காரணி 1.06 ஆகிவிடும். கூரையில் கூடாரம் ஏற்றினால் மேலும் குறையும். திடீரென வளைக்க நேரும் கணத்தில் இவ்வேறுபாடு கணக்கில் வரும்.

இரண்டாவது விலையை ஊர்தியில் இல்லாதவர்கள் தருகின்றனர். பிக்கப்களின் மோதல் தாங்கும் சட்டங்கள் மகிழுந்துகளின் சட்டங்களோடு ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் 2003-ல் தாமாகவே ஓர் உடன்பாடு செய்து, 2009-க்குள் நடைமுறைப்படுத்தினர். சட்டகத்தை உயர்த்துவோர் அந்தச் சந்திப்பை மீண்டும் விலக்குகின்றனர். பாதசாரிகளைப் பொறுத்தவரை, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முகப்பு மூடி 40 அங்குலத்திற்கு மேல் உயர்ந்த ஊர்திகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து முகப்புச் சரிந்த ஊர்திகளைவிட, மோதலில் மரணம் விளைவிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி. முகப்பு உயர்ந்த பிக்கப்பை மேலும் உயர்த்தினால், அதன் முன் நிற்கும் சிறு குழந்தையை ஓட்டுநர் காணாத பரப்பும் நீளும். மிதமான உயர்த்தலைப் பரிந்துரைப்போர் 2 அங்குலத்தில் நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டநிலை

அமெரிக்காவில் உயரத்திற்கான வரம்புகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. தொழில்முறைப் பணிமனைகள் ஊர்தியின் பாதுகாப்பு அமைப்புகளைச் செயலிழக்கச் செய்வதை ஒன்றியச் சட்டம் தடுக்கிறது. முன்புறத்தை மட்டும் மிக உயர்த்திப் பின்புறத்தைத் தாழ்த்தும் பாணி வட கரோலினாவில் 2021 டிசம்பரிலும், அதைத் தொடர்ந்து வர்ஜீனியாவில் 2022-லும், தென் கரோலினாவில் 2023-லும் தடைசெய்யப்பட்டது. உயர்த்தியதாலேயே உற்பத்தியாளரின் உத்தரவாதம் முழுதும் நீங்கிவிடும் என்ற கருத்து தவறானது. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டத்தின்படி, பொருத்திய உறுப்பால்தான் பழுது நேர்ந்தது என்றால் மட்டுமே அப்பழுதிற்கான உத்தரவாதத்தை மறுக்க இயலும். கிழிந்த இயக்கத்தண்டு உறைக்கு அவ்வாறு மறுக்கலாம். பழுதான வானொலிக்கு மறுக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் இலகு ஊர்தி மாற்றங்களுக்கெனத் தேசிய நெறிமுறைத் தொகுப்பு உள்ளது. மாநிலங்கள் அதனைத் தத்தம் வரம்புகளோடு செயல்படுத்துகின்றன. அவ்வரம்பைத் தாண்டும் உயர்வுக்குப் பொறியாளரின் சான்று தேவைப்படும். இந்தியாவில், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றியமைக்க இயலாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது.